திரையில் பேசுவது யார்? டெர்மினலில் முதல் சி புரோகிராம்

தங்கச்சி, உன் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இதே இடத்தில் முட்டி நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும். உன் ஊர் மண்டபம். பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரி திறப்பதற்குள் சி என்ற புரோகிராம் மொழியைக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறாய். அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது. புரோகிராமை அடித்து ‘முதல்.சி’ என்று சேமித்தாய். அதை ஓடக்கூடியதாக மாற்றும் ஜிசிசி கட்டளையைக் கொடுத்தாய், ஒன்றுமே வரவில்லை. புரோகிராமின் பெயரைத் தட்டினால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றது. எங்கோ பார்த்து எதையோ சேர்த்த பிறகு ஓடியது. ஆனால் உள்ளே இருக்கும் வாக்கியத்தை மாற்றினாலும் பழைய வாக்கியமே வருகிறது. “அண்ணே, லேப்டாப் பழசா, நான் அடித்தது தப்பா?” என்று கேட்கிறாய்.

லேப்டாப்பில் குறை இல்லை. நீ அடித்ததிலும் குறை இல்லை. மூன்று இடத்திலும் உன்னிடம் பேசியது, அல்லது பேசாமல் இருந்தது, வேறு வேறு ஆள். அதை மட்டும் யாரும் உனக்குச் சொல்லவில்லை.

நான் பாம்பன்காரன். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் மாலையில் திண்ணைக்கு வருவார்கள். அவர்களுக்கும் இங்கிருந்துதான் தொடங்குவேன். டெர்மினல் என்பது ஒரு கறுப்புச் சன்னல். அதற்குள் நான்கு பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். முதலாவது ஷெல்: நீ தட்டும் கட்டளையை வாங்கி, உரிய ஆளைக் கூப்பிட்டு வேலையைக் கொடுப்பது. அடுத்தது கம்பைலர்: நீ எழுதியதைப் படித்து இயந்திரக் குறிகளாக மாற்றுவது. மூன்றாவது லிங்கர்: அப்படி மாற்றிய துண்டுகளை, ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் நூலகத் துண்டுகளோடு சேர்த்துக் கட்டி, ஓடக்கூடிய ஒரே ஃபைலாக ஆக்குவது. கடைசியில் நீ எழுதிய புரோகிராம். ஒரு வரி திரையில் வந்ததும் இந்த நால்வரில் யார் சொன்னது என்று பார்த்துவிட்டால், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

இனி நான் சொல்லும் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீ ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள். லேபில் ஒருவர் வாசிக்க மற்றவர் அடிப்பதுபோல வைத்துக்கொள்.

முதலில் நீ எங்கே நிற்கிறாய் என்று தெரிய வேண்டும். ‘பிடபிள்யூடி’ என்று தட்டினால் இருக்கும் ஃபோல்டரின் முழு முகவரி வரும். ‘எல்எஸ்’ என்றால் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். ‘முதல்.சி’ அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘சிடி’ போட்டு, ஓர் இடைவெளி விட்டு, ஃபோல்டர் பெயரைக் கொடுத்து அங்கே போ. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பெரிய எம் போட்டுச் சேமித்துவிட்டுச் சின்ன எம் போட்டுத் தேடினால் கிடைக்காது.

கம்பைலரையும் லிங்கரையும் கூப்பிடுவது ஜிசிசி. அது இருக்கிறதா என்று பார்க்க ‘ஜிசிசி --வெர்ஷன்’ என்று கேள். எண் வந்தால் இருக்கிறது. உனக்கு இருக்கிறது. இல்லாதவர்கள் உபுண்டு வகை லினக்ஸில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’ என்று ஒருமுறை கொடுத்தால் போதும். கடவுச்சொல் கேட்கும். பல லினக்ஸில் நீ தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது. அது அப்படித்தான், தட்டி முடித்து என்டர் கொடு.

இப்போது புரோகிராம். முதல் வரி: ஹேஷ், ஒட்டி இன்க்ளூட், பிறகு கூர் அடைப்புக்குள் எஸ்டிடிஐஓ புள்ளி ஹெச். அடுத்து இன்ட் மெயின், வட்ட அடைப்புக்குள் வாய்ட், பின் சுருள் அடைப்பு திற. உள்ளே பிரிண்ட்எஃப், வட்ட அடைப்புக்குள் இரட்டை மேற்கோள், அதற்குள் உன் வாக்கியம், வாக்கிய முடிவில் பின்சாய்கோடும் என்-உம், மேற்கோள் மூடு, அடைப்பு மூடு, அரைப்புள்ளி. அடுத்த வரி ரிட்டர்ன் 0, அரைப்புள்ளி. சுருள் அடைப்பு மூடு. இவ்வளவுதான்.

இப்படி ஒரே ஒரு வாக்கியத்தை அச்சிடும் புரோகிராமில் தொடங்கும் வழக்கம் 1970களிலிருந்து வருகிறது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். அங்கேயே வேலை பார்த்த பிரையன் கெர்னிகன் 1974இல் எழுதிய பாடக்குறிப்பிலேயே இது இருக்கிறது. இதில் மொழி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீ அடித்துச் சேமிக்கும் எடிட்டர், கம்பைலர், லிங்கர், ஷெல் நான்கும் உன் கணினியில் ஒன்றோடொன்று கைகோத்து வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கான சோதனைதான் இது. இது ஓடிவிட்டால் பிறகு வரும் கஷ்டங்கள் எல்லாம் மொழியின் கஷ்டங்கள், கணினியின் கஷ்டங்கள் இல்லை. அதனால்தான் இந்த ஐந்தாறு வரிக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கிறேன்.

கட்டளை இது:

ஜிசிசி -டபிள்யூஆல் முதல்.சி -ஓ முதல்

‘டபிள்யூஆல்’ என்பதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து, ஏ, எல், எல் சின்ன எழுத்து. சந்தேகமாகப் படுவதையெல்லாம் சொல் என்று கம்பைலரைக் கேட்டுக்கொள்வதுதான் அது. முதல் நாளிலிருந்தே போட்டுப் பழகு. ‘-ஓ’ என்பது வெளியே வரும் ஃபைலுக்கு நீ வைக்கும் பெயர். அதைக் கொடுக்காவிட்டால் ‘ஏ.அவுட்’ என்ற பெயரில் வரும். ‘அசெம்பிளர் அவுட்புட்’ என்பதன் சுருக்கம், லினக்ஸுக்கு முன்னோடியான பழைய யூனிக்ஸ் காலத்துப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘-ஓ’வுக்குப் பிறகு மறந்தும் ‘முதல்.சி’ என்று கொடுத்துவிடாதே. வெளியே வரும் ஃபைலை நீ எழுதிய ஃபைலின் மேலேயே எழுதச் சொல்வதாகிவிடும்.

என்டர் தட்டினாய், ஒன்றும் வரவில்லை. அதைத்தான் நீ தோல்வி என்று நினைத்துவிட்டாய். யூனிக்ஸ் உலகத்தில் வேலை சரியாக முடிந்தால் யாரும் பேசமாட்டார்கள். ‘எல்எஸ்’ தட்டிப் பார், ‘முதல்.சி’க்குப் பக்கத்தில் ‘முதல்’ என்று புதிதாக ஒன்று பிறந்திருக்கும்.

அடுத்து நீ ‘முதல்’ என்று தட்டினாய், ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வந்தது. இதைச் சொன்னது ஷெல். பெரும்பாலும் வரியின் தொடக்கத்தில் ‘பாஷ்’ என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ளும். சில லினக்ஸில் போடாது. ஆனால் அந்தச் சொற்கள் எப்போதும் ஷெல்லின் வாய்ச்சொற்களே. கம்பைலருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷெல் ஒரு பெயரைக் கேட்டதும் ‘பாத்’ என்ற பட்டியலில் இருக்கும் ஃபோல்டர்களில் மட்டும் தேடும். ‘எக்கோ $பாத்’ என்று கொடுத்தால் (டாலருக்குப் பிறகு நான்கும் பெரிய எழுத்து) அந்தப் பட்டியலை நீயே பார்க்கலாம். நீ நிற்கும் ஃபோல்டர் அதில் இருக்காது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் உன் ஃபோல்டரில் ‘எல்எஸ்’ என்ற பெயரில் கெட்ட புரோகிராம் ஒன்றை வைத்துவிட்டுப் போனால், நீ பட்டியல் பார்க்கப் போய் அதை ஓட்டிவிடக் கூடாது அல்லவா? அதனால் ‘இங்கே, என் காலடியில் இருக்கும் முதல்’ என்று நீ தெளிவாகச் சொல்ல வேண்டும். புள்ளி என்றால் இந்த ஃபோல்டர்.

./முதல்

நீ பார்த்துச் சேர்த்த ‘எதையோ’ இந்தப் புள்ளியும் சாய்கோடும்தான். விண்டோஸில் பழைய கமாண்ட் பிராம்ப்ட் நிற்கும் ஃபோல்டரையும் தேடிப் பார்க்கும், அங்கே பெயர் மட்டும் போதும். பவர்ஷெல்லில் புள்ளியும் பின்சாய்கோடும் வேண்டும்.

சிலர் அவசரத்தில் ‘./முதல்.சி’ என்று கொடுப்பார்கள். ‘பெர்மிஷன் டினைடு’ என்று வரும். மீன்வளத்துறை டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குள் போக முடியாது இல்லையா, அதுபோல லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓடுவதற்கான அனுமதி தனியாக உண்டு. லிங்கர் கட்டி முடித்த ஃபைலுக்கு அதைத் தானே கொடுத்துவிடும். நீ எழுதிய ‘.சி’ ஃபைலுக்கு அது கிடையாது, தேவையும் இல்லை. ‘சிஹெச்மாட்’ என்ற கட்டளை போட்டு அனுமதி கொடுத்தால் தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கொடுத்தால் ஷெல் உன் சி வரிகளைத் தன் கட்டளைகள் என்று நினைத்துப் படித்துவிட்டு, சம்பந்தமே இல்லாத பிழைகளைக் கொட்டும். பென்டிரைவுக்குள் வைத்துக் கம்பைல் செய்தாலும் சில சமயம் இதே ‘பெர்மிஷன் டினைடு’ வரும். ஃபைலை உன் ஹோம் ஃபோல்டருக்கு எடுத்து வந்து செய். போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் வைத்து முயல்பவர்களுக்கும் இதே பேச்சுதான். ‘பிகேஜி இன்ஸ்டால் கிளாங்’ போட்டால் கம்பைலர் கிடைக்கும். ஆனால் பொதுச் சேமிப்பில், டவுன்லோட் ஃபோல்டர் போன்ற இடத்தில், வைத்து ஓட்ட முடியாது.

இனி உன் மூன்றாவது சிக்கல், வாக்கியத்தை மாற்றியும் பழையதே வருவது. இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமானது. கல்லூரியில் முதல் செமஸ்டரில் ஒரு முழு மதியம் நான் இதில் தொலைந்து போனேன். மாற்றுவேன், சேமிப்பேன், ஓட்டுவேன், பழையதே வரும். இந்தப் படிப்பு நமக்கு வராது என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் வந்த சீனியர் அக்கா ஒருத்தர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நெத்திலியக் காயவெச்சுக் கருவாடாக்கிட்ட. அப்புறம் கூடையில வேற மீன மாத்துனா, காஞ்ச கருவாடு மாறுமா?” அவ்வளவுதான். ‘முதல்.சி’ பச்சை மீன். ‘முதல்’ கருவாடு. ஒன்றிலிருந்து மற்றது வந்தது, ஆனால் வந்த பிறகு இரண்டுக்கும் ஒட்டுறவு இல்லை. பச்சையில் எதை மாற்றினாலும் மறுபடி காய வைக்க வேண்டும். மாற்று, சேமி, கம்பைல் செய், ஓட்டு: நான்கு படி, ஒவ்வொரு முறையும். டெர்மினலில் மேல் அம்புக்குறி விசையைத் தட்டினால் முன்பு கொடுத்த கட்டளை திரும்ப வரும், மறுபடி அடிக்க வேண்டாம்.

இதில் ஒளிந்திருக்கும் கண்ணி ஒன்று உண்டு. நீ மாற்றியதில் பிழை இருந்து, கம்பைலர் கத்தி, நீ அதைக் கவனிக்காமல் ஓட்டினால், முந்தைய கருவாடு ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். அது ஓடும். அதனால் கம்பைல் செய்த பின் திரையைப் பார்த்துவிட்டு ஓட்டு.

பள்ளியில் பைத்தானில் இந்தப் படியே இல்லையே என்று உனக்குத் தோன்றும். பைத்தானும் உள்ளுக்குள் ஒரு மொழிபெயர்ப்புச் செய்துகொள்கிறது. ஆனால் ஓட்டும்போதெல்லாம் நீ எழுதிய ஃபைலிலிருந்தே தொடங்கும், அதனால் மாற்றம் உடனே தெரியும்.

சரி, கம்பைலர் பேசினால் எப்படி இருக்கும்? பிழை சொல்லும் வரி ஃபைல் பெயர், முக்காற்புள்ளி, வரி எண், முக்காற்புள்ளி, அந்த வரியில் எத்தனையாவது இடம் என்று தொடங்கும். பிறகு ‘எரர்’ அல்லது ‘வார்னிங்’. வரி எண் 4 என்றால் நாலாவது வரியைப் பார், பிறகு மூன்றாவது வரியின் கடைசியையும் பார். அரைப்புள்ளி விட்டுப்போனால் அடுத்த வரிக்குப் போன பிறகுதான் கம்பைலருக்கே தெரிய வரும். இருபது பிழை வந்தாலும் மேலே இருக்கும் முதல் பிழையை மட்டும் சரி செய்துவிட்டு மறுபடி கம்பைல் செய். மிச்சம் பத்தொன்பதும் அதன் குட்டிகளாக இருக்கலாம், பல நேரம் கூடவே போய்விடும். வாட்ஸப்பில் வந்த புரோகிராமை நகல் எடுத்து ஒட்டினால் ‘ஸ்ட்ரே’ என்று ஒரு பிழை வரும், பக்கத்தில் \342 போன்ற எண்ணும் இருக்கலாம். மேற்கோள் குறிகள் வளைந்த அழகுக் குறிகளாக மாறியிருக்கின்றன என்று பொருள். அழித்துவிட்டு விசைப்பலகையிலிருந்து நேர் மேற்கோளை நீயே அடி. அதைவிட நல்லது, ஒட்டாமல் எல்லாவற்றையும் கையால் அடிப்பது.

லிங்கரின் குரல் வேறு. ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று வரும், கடைசி வரியில் ‘எல்டி’ என்ற பெயர் தெரியும். அதுதான் லிங்கர். மெயின் என்பதை எழுத்து மாறி மியான் என்று அடித்துப் பார். கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஒரு செயல்கூறுக்கு (ஃபங்ஷனுக்கு) மியான் என்று பெயர் வைக்க உனக்கு உரிமை உண்டு. கட்ட வந்த லிங்கர்தான் ‘மெயின் எங்கே?’ என்று கேட்கும். இதே இடத்தில் இன்னொன்றும் நடக்கும். பதினொன்றாம் வகுப்பில் சி++ படித்திருப்பாய். அந்தப் பழைய ‘சி-அவுட்’ புரோகிராமை ஜிசிசி கொண்டு கட்டினால் லிங்கர் ஏகப்பட்ட ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ கொட்டும். எழுத்துப் பிழையைத் தேடி அலையாதே. சி++ நூலகத்தைச் சேர்த்துக் கட்ட ‘ஜி++’ என்ற கட்டளை வேண்டும், அவ்வளவே.

உன் வாக்கியத்தைத் தமிழிலேயே எழுது. மேற்கோளுக்குள் ‘வணக்கம்’ என்று நேரடியாக அடிக்கலாம், ஓடும். சில டெர்மினல்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிசகித் தெரியும். அது டெர்மினலின் குறை. ‘./முதல் > வெளி.டிஎக்ஸ்டி’ என்று கொடுத்தால் வாக்கியம் திரைக்குப் பதிலாக அந்த ஃபைலுக்குள் போகும். அதை எடிட்டரில் திறந்தால் எழுத்து ஒழுங்காக இருக்கும். பின்னால் ‘எஸ்டிஆர்லென்’ கற்றுக்கொள்ளும்போது வணக்கத்தின் நீளத்தைக் கேட்டுப் பார். கண்ணுக்கு ஐந்து எழுத்து, ஆனால் 21 என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இரண்டு மெய்ப்புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணினால் ஏழு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஏழு மூன்று இருபத்தொன்று. தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுவது நல்லது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பழகியவர்கள் பல ஆண்டு கழித்து இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை பேசுபவர்களைப் பற்றிச் சொன்னேன். யாருமே பேசாத பிழை ஒன்று உண்டு. அதை உனக்கு இப்போதே காட்டிவிட ஆசை.

அப்பாவின் வல்லத்தில் ஜிபிஎஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதில் இடம் டிகிரியும் நிமிடமுமாகத் தெரியும். ராமேசுவரம் ஏறக்குறைய 9 டிகிரி 17 நிமிட வடக்கு, 79 டிகிரி 18 நிமிடக் கிழக்கு. போன் வரைபடத்தில் தேட வேண்டுமானால் தசமமாகப் போடுவது சுலபம். 60 நிமிடம் ஒரு டிகிரி, ஆக 9 + 17/60. இதை அப்படியே புரோகிராமில் எழுது. தசம எண்ணை வைக்கும் டபுள் என்ற வகையில் ஒரு பெட்டி வைத்து, அதில் 9 + 17/60 போட்டு, பிரிண்ட்எஃப்-இல் நான்கு தசம இடம் காட்டும் %.4எஃப் கொடுத்து அச்சிடு. கம்பைலர் பேசாது, ‘டபிள்யூஆல்’ போட்டிருந்தாலும் பேசாது. லிங்கர் பேசாது. ஷெல்லும் பேசாது. புரோகிராம் நிதானமாக 9.0000 என்று அச்சிடும்.

நோட்டில் போட்டுப் பார்த்தால் 9.2833. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான், பின்னம் வெட்டி எறியப்படும். 17/60 என்பது 0. டபுள் பெட்டி வைத்திருக்கிறோமே என்றால், வகுத்து முடித்த பிறகுதான் விடை அந்தப் பெட்டிக்கு வருகிறது, அதற்குள் பின்னம் போய்விட்டது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். 17 நிமிடம் காணாமல் போனால் ஏறக்குறைய 31 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிடும். தீர்க்கரேகையிலும் அதே தப்பைச் செய்தால் மேற்கே இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். ராமேசுவரம் என்று நினைத்த புள்ளி மன்னார் வளைகுடாவுக்குள் கிடக்கும். எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் கடலில் 30 கிலோமீட்டர் என்றால் என்ன என்று உன் அப்பாவிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தம் ஒரே ஒரு புள்ளிதான்: 17.0/60. இரண்டில் ஒன்று தசம எண்ணாக இருந்தால் வகுத்தலும் தசமத்தில் நடக்கும். 9.2833 வரும்.

கம்பைல் ஆகிவிட்டது என்பதற்கு, நீ எழுதியது சி மொழியின் இலக்கணத்துக்குள் இருக்கிறது என்று மட்டுமே பொருள். விடை சரியா என்று அந்த நால்வரில் யாருக்கும் தெரியாது, நீதான் பார்க்க வேண்டும். அதனால் எந்தப் புரோகிராமையும் விடை தெரிந்த ஒரு கணக்கை வைத்து முதலில் ஓட்டிப் பார். ராமேசுவரம் புள்ளியை நோட்டில் போட்டுவிட்டுப் பிறகு ஓட்டு.

இந்த வாரம் இதைச் செய்: டிகிரியையும் நிமிடத்தையும் ஸ்கேன்எஃப் மூலம் கேட்டு வாங்கும்படி புரோகிராமை மாற்று. இரண்டையும் டபுளாக வைத்து, %எல்எஃப் கொடுத்து வாங்கு. வாங்கும் பெட்டியின் பெயருக்கு முன்னால் வரும் ‘&’ குறியை விட்டுவிடாதே. விட்டால் ‘டபிள்யூஆல்’ எச்சரிக்கும். எச்சரிக்கையைத் தாண்டி ஓட்டினால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று திரையில் விழ வாய்ப்பு அதிகம். அதைச் சொல்வது உன் புரோகிராம் இல்லை. அது நடுவில் செத்துவிட்டது, செய்தியை வந்து சொல்வது ஷெல். மாற்றியதும் மறுபடி கம்பைல் செய்ய மறக்காதே. அப்பா ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைத்திருக்கும் புள்ளிகளில் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கிப் போட்டு, வரும் விடையைப் போன் வரைபடத்தில் தேடிப் பார். அவர் சொல்லும் இடத்தில் விழுகிறதா என்று எனக்கு எழுது, அடுத்து என்ன செய்யலாம் என்று அதிலிருந்து சொல்கிறேன்.